ஒரு ராத்திரிக் காய்ச்சல்



திருவேங்கடம் பக்கத்துப் பெருங்கோட்டூர்தான் நடிகர் விவேக்கின் சொந்த ஊர். மக்களின் பயம் போகட்டும் என்று, 2021 ஏப்ரல் 15 அன்று சென்னையில் அரசு மருத்துவமனைக்கே போய் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி அதிகாலையில் காலமானார்.

அந்த வாரம் எத்தனை வீடுகளில் "ஊசியே வேண்டாம்" என்று முடிவெடுத்தோம்? அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீட்டில் ஒருவராக நினைத்த மனிதர் அல்லவா!

மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்து, அவர் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று அக்டோபரில் சொன்னது. பயம் ஒரே நாளில் பரவியது. விளக்கம் வர ஆறு மாதம் ஆனது. அதற்குள் இரண்டாவது அலை எத்தனையோ பேரை வாரிக்கொண்டு போய்விட்டது.

அதற்காக, பக்கவிளைவே கிடையாது என்று சொன்னால் நம்புவீர்களா? இருக்கிறது. கோவிஷீல்டு என்ற கொரோனா தடுப்பூசி போட்டவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைந்ததும் உண்மைதான். மறைத்தால் சந்தேகம்தான் வளரும்.

குழந்தைகளுக்குப் போடும் நாற்பத்தைந்தாம் நாள் ஊசியையே பாருங்கள். சாயங்காலம் குழந்தையின் தொடை கன்றிச் சிவக்கும். உடம்பு அனலாய்க் கொதிக்கும். விடிய விடியத் தோளில் போட்டு நடக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் தாய்க்கு மறுநாள் கூலியும் போச்சு. இது சின்ன கஷ்டமில்லை.

ஆனால், தட்டம்மை ஊசி போடாத குழந்தைக்கு அந்த நோய் வந்தால்? நிமோனியா வரலாம். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளையே வீங்கும். தடுப்பூசியால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வருவதோ, சுமார் பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான். ஒரு நாள் கூலியா, ஒரு மாத ஆஸ்பத்திரி வாசமா?

ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே தெரிந்துவிடும். உடனே மருந்து கொடுக்கலாம். முன்பு ஏதாவது ஊசி சேராமல் போயிருந்தால் நர்ஸிடம் முதலிலேயே சொல்லுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நம் பயத்தைப் போக்கத்தான் விவேக் அன்று ஊசி போட்டுக்கொண்டார். அவர் பேரைச் சொல்லியே நாம் பயந்துகொண்டிருக்கலாமா?

அன்புடன்,
ஆசிரியர்