நாக்கு பெரிதா? புத்தகம் பெரிதா?

நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும், அடிநாக்கில் கசப்பு என்று படம் போட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெகுகாலமாய்ப் போதித்து வந்திருக்கிறார்கள். இது வந்த வழி என்ன? 1901-ல் ஹேனிக் என்ற ஜெர்மானியர், ருசியறிவதில் நாக்கின் பாகங்களுக்குள் சொற்ப வித்தியாசம் இருப்பதாகக் கண்டார். 1942-ல் ஹார்வர்டு பேராசிரியர் போரிங் தமது புத்தகத்தில் அதை எடுத்துக்காட்டிய விதத்தால், சொற்ப வித்தியாசம் பெரும் பிரிவினையாகி விட்டது. 1974-ல் காலிங்ஸ் என்ற அம்மையார் மறுபடி சோதித்து, ருசி மொட்டுகள் உள்ள இடமெங்கும் எல்லா ருசியும் தெரிகிறதென்று காட்டினார். அப்படியிருந்தும் படம் போகவில்லை!

பூனைக்கு இனிப்பு தெரியாது; அதற்கு வேண்டிய மரபணு பழுதுபட்டிருப்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். ஆகவே, சர்க்கரையைப் பற்றிப் பூனையை நாம் குற்றஞ்சொல்ல முடியாது. மனிதனுக்கோ நாக்குமிருக்கிறது, அறிவுமிருக்கிறது. ஒரு சிட்டிகை சர்க்கரையை அடிநாக்கில் வைத்துப் பார்க்க எத்தனை நேரமாகும்? புராணத்தை நம்பினால்தான் மூடநம்பிக்கை, விஞ்ஞானப் பாடத்தைச் சோதியாமல் நம்பினால் பகுத்தறிவு என்று யார் சொன்னது?

தோழர்களே! நாம் எழுதுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். இன்றைக்கே சர்க்கரையை எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.