செப்டம்பரில் டிஸ்னி ஏன் மலிவு?

"செப்டம்பர், அக்டோபர்ல போங்க சார். கூட்டமும் இருக்காது, ரேட்டும் கம்மி."

புவனேஸ்வரில் பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் நம்மாட்களில், அமெரிக்கா போய் வந்த யாரிடம் வேண்டுமானாலும் ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்ட் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இந்த வரி கட்டாயம் வரும். டிராவல் ஏஜெண்டும் இதையேதான் சொல்வார். கேட்டதும் நமக்கும் ஏதோ லாட்டரி அடித்த மாதிரி இருக்கும்.

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்கு எதிரானது. மக்களே, அது தள்ளுபடி இல்லை. ஒரு ஆபத்தை உங்கள் தலையில் கட்டிவிட்டு அதற்காகக் கையில் திணிக்கிற சில்லறை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். அட்லாண்டிக் கடலின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் 10 வாக்கில். ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரைதான் பெரிய புயல்கள் அதிகம் வரும். அறை வாடகை இறங்குவதும் ஏறக்குறைய இதே நாட்களில்தான். அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள் திறந்துவிடுவது ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் புயல் இன்னொரு காரணம். ஏஜெண்ட் முதல் காரணத்தைச் சொல்வார். இரண்டாவதை முழுங்கிவிடுவார்.

1971 அக்டோபரில் திறந்த டிஸ்னி வேர்ல்ட், புயலுக்காக முதன்முதலில் மூடியது 1999 செப்டம்பரில், ஃப்ளாய்ட் வந்தபோது. 2004-இல் சார்லி, ஃபிரான்சிஸ், ஜீன் என்று ஆறேழு வாரத்துக்குள் மூன்று. பிறகு 2016-இல் மேத்யூ, 2017-இல் இர்மா, 2022-இல் இயன், 2024-இல் மில்டன். தேதிகளைத் தேடிப் பாருங்கள். எல்லாமே நம்ம 'மலிவு சீசன்'தான்.

"ஐம்பது வருஷத்துல இவ்வளவுதானா? இதுக்குப் போய் பயப்படுவாங்களா?" என்பீர்கள். பயப்படச் சொல்லவில்லை. புயல் நேரத்தில் ஃபுளோரிடாவிலேயே பாதுகாப்பான இடங்களில் டிஸ்னியும் ஒன்று என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். ஒர்லாண்டோ உள்நாட்டில் இருக்கிறது, கடல் ஏறி வராது. கட்டடங்கள் திடமானவை. சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, தண்ணீரை அளந்து வெளியே விடுகிற ஏற்பாட்டை அறுபதுகளிலேயே தொடங்கிவிட்டார்கள். மேஜிக் கிங்டமில் நாம் நடக்கிற தெருவே உண்மையில் இரண்டாவது மாடி. நிலத்தடி நீர் மேலே இருப்பதால், ஊழியர்கள் போய்வரும் சுரங்கப்பாதையைத் தரைமட்டத்தில் கட்டி, அதற்கு மேலே பூங்காவைக் கட்டினார்கள். சும்மா சொல்லக்கூடாது, பொறியியலில் கில்லாடிகள்.

ஆக, உங்கள் உயிருக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. என் கேள்வி உயிரைப் பற்றியது அல்ல. புயல் வந்தால் நஷ்டத்தை யார் சுமப்பது?

இங்கேதான் விதிமுறையைப் படிக்க வேண்டும். டிஸ்னியின் புயல் விதி பார்க்கத் தாராளமாக இருக்கும். நீங்கள் போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய 7 நாட்களுக்குள், ஒர்லாண்டோவுக்கோ நீங்கள் வசிக்கும் ஊருக்கோ அமெரிக்கத் தேசியப் புயல் மையம் 'ஹரிகேன் வார்னிங்' கொடுத்தால், நேரடியாக அவர்களிடம் செய்த பெரும்பாலான முன்பதிவுகளை அவர்கள் தரப்புக் கட்டணம் இல்லாமல் மாற்றலாம், ரத்தும் செய்யலாம். ஆஹா, ஏழு நாளா என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். வார்னிங் என்பது பலமான காற்று தொடங்குவதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்புதான் வரும். அதற்கு முந்தைய படியான 'வாட்ச்' 48 மணி நேரம் முன்பு. விதியில் உள்ள சொல் வார்னிங். வாட்ச் அல்ல.

புவனேஸ்வரிலிருந்து ஒர்லாண்டோ போக, இரண்டு மூன்று விமானம் மாறி, சுமார் 30 மணி நேரம் ஆகிறது. 36-இல் 30 போனால் மிச்சம் 6. அந்த ஆறு மணி நேரத்தில் நீங்கள் முடிவெடுத்து, போன் போட்டு, விமான டிக்கெட்டையும் மாற்ற வேண்டும். அட்லாண்டாவிலிருந்து காரில் வருகிறவருக்கு இந்த விதி போதும். நமக்கு இது வெறும் காகிதம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், தகவல் இல்லாமல் இல்லை. அதே புயல் மையம் 2003-இலிருந்தே 5 நாள் பாதைக் கணிப்பு வெளியிடுகிறது. 2023-இலிருந்து, எங்கே புயல் உருவாகலாம் என்பதை 7 நாள் முன்னால் சொல்கிறது. விஞ்ஞானம் ஐந்து நாள் முன்னால் வந்து கதவைத் தட்டுகிறது. பணத்தைத் திருப்பித் தருகிற சட்டம் மட்டும் கடைசி ஒன்றரை நாளில்தான் கண் விழிக்கிறது.

சொந்தக் கதை கொஞ்சம். 2024 இலையுதிர்காலத்தில் ஒர்லாண்டோவில் ஆணி பிடுங்கப் போயிருந்தேன். பூஜா விடுமுறைக்குத் தங்கமணியும் சின்னவளும் வருவதாக ஏற்பாடு. அக்டோபர் 5, சனிக்கிழமை, மில்டனுக்குப் பெயர் வைத்தார்கள். அன்றைக்கே கணிப்பு ஃபுளோரிடாவின் மேற்குக் கரையைக் காட்டியது. உடனே ஏஜெண்டைக் கூப்பிட்டுத் தேதியை மாற்றச் சொன்னேன். "இன்னும் வார்னிங் வரலையே சார். இப்ப கேன்சல் பண்ணா முழுப் பணமும் போயிடும்" என்றார். பயணக் காப்பீடு? புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கினால் அந்தப் புயலுக்குச் செல்லாது. "தெரிந்த ஆபத்து" ஆகிவிட்டதாம். காப்பீட்டுக்காரருக்குச் சனிக்கிழமையே தெரிந்துவிட்ட ஆபத்து, விடுதிக்காரருக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை! எப்படி இருக்கிறது நியாயம்?

அவர்கள் கிளம்பினார்கள். இருவரும் வானத்தில் இருந்தபோது, திங்கட்கிழமை, மில்டன் 5-ஆம் நிலைக்குப் போனது. 9-ஆம் தேதி காலையில் விமான நிலையம் பயணிகள் சேவையை நிறுத்தியது, மதியத்திலிருந்து பூங்காக்கள் ஒவ்வொன்றாக மூடின. அன்று இரவு புயல் மேற்குக் கரையில் 3-ஆம் நிலையில் ஏறியது. 11-ஆம் தேதி பூங்காக்கள் திறந்துவிட்டன. நாங்கள் பத்திரமாகத்தான் இருந்தோம், ஒரு கீறல் இல்லை. விடுதி யாருடையது என்பது இங்கே முக்கியமில்லை.

முக்கியமானது வேறு. அந்த இரண்டு நாளும் எங்களுக்குக் காலை உணவுப் பொட்டலம் கொடுத்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வீடு கிஸ்ஸிமியில், மொபைல் ஹோம். அதாவது தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து இறக்கி வைக்கிற லேசான வீடு. புயல் என்றால் முதலில் காலி செய்யச் சொல்வது அந்த வீடுகளைத்தான். பிள்ளைகளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, இவர் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தார். டிஸ்னி உட்பட அங்குள்ள பெரிய விடுதிகள் புயல் நேரத்தில் இப்படி ஒரு குழுவை உள்ளேயே வைத்துக்கொள்வது வழக்கம். 'ரைட்-அவுட் க்ரூ' என்று பெயர். 2017-இல் மரியா புயலில் எல்லாம் போய், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவராம். ஒரு புயலுக்குத் தப்பி வந்தவர், இன்னொரு புயலில் எனக்கு மஃபின் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அதே மில்டன், தான் கரையேறிய இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், கிழக்குக் கரையில் செயின்ட் லூசி கவுண்ட்டியில் சுழற்காற்றுகளைக் கிளப்பிவிட்டு, மொபைல் ஹோம்கள் நிறைந்த முதியோர் குடியிருப்பு ஒன்றில் 6 பேரைக் கொன்றது. 2022-இல் இயன் முடிந்து டிஸ்னி திறக்கும்போது, அதே ஒர்லாண்டோ பகுதியின் ஓர்லோ விஸ்டாவில் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. 2017 இர்மாவிலும் அங்கே இதே கதைதான். வாய்க்காலும் மதகும் பூங்காவுக்கு உண்டு. பூங்காவைத் துடைத்துப் பெருக்குகிறவர்கள் வாழும் தெருக்களுக்கு அந்த மாதிரி ஏற்பாடு இல்லை.

டிஸ்னி வேர்ல்டில் 75,000 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். மணிக்கு 15 டாலர் என்ற குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாகத் தருவதற்கு 2018-இல்தான் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் ஆனது. 2023 ஒப்பந்தத்தில் அது 18 டாலர். ஒரு ஆளின் ஒருநாள் நுழைவுச்சீட்டே 100 டாலருக்கு மேல். இந்தக் கூலியில் ஒர்லாண்டோவில் திடமான வீடு கிடைக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. கடற்கரை ஊர்களில் வெளியேறச் சொல்லும்போது ஜனங்கள் ஓடி வருவது உள்நாட்டில் இருக்கிற ஒர்லாண்டோவுக்குத்தான். டாம்பாவிலிருந்து நாயும் பாட்டியுமாகக் காரில் வந்த குடும்பங்கள் எங்கள் விடுதி வரவேற்பறையில் அறை கேட்டு நின்றதைப் பார்த்தேன். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்டுதான் இருந்தோம். தேதியை மாற்ற விட்டிருந்தால் எங்கள் அறை காலியாக இருந்திருக்கும்.

2019 மே மாதம் ஃபானி வந்தபோது நான் புவனேஸ்வரில் இருந்தேன். ஒடிசா அரசு சுமார் 12 லட்சம் பேரை அப்புறப்படுத்தியது. பூரியில் இருந்த சுற்றுலாப் பயணிகளை முன்கூட்டியே கிளம்பச் சொல்லி, சிறப்பு ரயில் விட்டு அனுப்பி வைத்தார்கள். பூரி கடற்கரை, ஒர்லாண்டோ உள்நாடு, இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். நான் சொல்வது அந்த மனநிலையை. புயல் நேரத்தில் விருந்தாளி ஒரு கூடுதல் பாரம், அவரை நேரத்தோடு அனுப்பிவிட வேண்டும் என்று இங்கே ஓர் ஏழை மாநிலத்துக்குப் புரிந்திருக்கிறது. அங்கே விருந்தாளியை வரவழைத்து, உள்ளே உட்கார வைத்து, பொட்டலம் கொடுக்கிறார்கள்.

"நீங்க போகலன்னா அந்த அம்மாவுக்குத்தானே வேலை போகும்?" நியாயமான கேள்வி. அதனால்தான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காவது தேதி மாற்றும் உரிமை 'வார்னிங்'கில் அல்லாமல், 5 நாள் கணிப்பில் ஒர்லாண்டோ சிக்கிய அன்றே தொடங்க வேண்டும். ரத்து வேண்டாம், தேதி மாற்றம் போதும். தேதி மாறினால் வருகிறவர் வந்தே தீருவார், அந்த அம்மாவின் வேலையும் போகாது.

இரண்டு, புயலுக்காக மூடுகிற நாளுக்கும் எல்லா ஊழியருக்கும் முழுக் கூலி, நிபந்தனை இல்லாமல். உள்ளே தங்கி வேலை பார்ப்பவர்களின் குடும்பத்துக்கும் அதே கட்டடத்தில் ஓர் அறை.

மூன்று, இது நமக்கு. ஏஜெண்ட் "ரேட் கம்மி சார்" என்றதும், "புயல் வந்தா எந்தத் தேதி வரைக்கும் மாத்தலாம்? எழுத்துல குடுங்க" என்று கேளுங்கள். காப்பீட்டை டிக்கெட் எடுக்கும் அன்றே எடுங்கள். எழுதித் தர மறுத்தால், பிப்ரவரிக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் போங்கள். மிக்கி எங்கும் ஓடிவிட மாட்டார் :-)

நமக்குக் கிடைக்கும் மலிவு ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர் தகரக் கூரையைக் காற்றில் விட்டுவிட்டு வந்து அதைப் பரிமாறுகிறார். அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் அந்த விலையைக் கொடுக்கட்டும்.

டிஸ்கி: "சின்னவளுக்குப் பிடிச்சிருந்ததா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: ரொம்பவே பிடித்திருந்தது. அது வேறு விஷயம்.