பையை மிதக்கவிட்டால் மட்டும் போதுமா?

சென்னை கொளத்தூரில் கலர் மீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களைப் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜன் ஊதி, ரப்பர் பேண்டு போட்ட பிளாஸ்டிக் பை மடியில் இருக்கும். பக்கத்தில் ஒரு குழந்தை கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது எல்லோருக்கும் மனப்பாடம். கால் மணி நேரம் பையைத் தொட்டியில் மிதக்கவிட வேண்டும், பிறகு அவிழ்த்துவிட வேண்டும். அப்படியே செய்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு மீன் ஒருக்களித்து மிதக்கிறது. “சீக்கு மீனைத் தலையில் கட்டிவிட்டான்” என்று கடைக்காரர்மேல் பழி விழுகிறது.

சில நேரம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல மீன்கள் சாவது கடையில் வந்த நோயால் அல்ல, தண்ணீர் மாறியதால். பையை மிதக்கவிடுவதால் என்ன நடக்கிறது, என்ன நடப்பதில்லை என்பது தெரிந்தால் இந்தச் சாவுகளில் பாதியையாவது தவிர்க்கலாம் என்பது என் நம்பிக்கை.

மிதக்கவிடுவது சூட்டைச் சமன்செய்ய மட்டுமே. மீனின் உடம்புச் சூடு என்பது அது நீந்தும் தண்ணீரின் சூடுதான். நம்மைப்போல உள்ளே தனி அடுப்பு அதற்கு இல்லை. ஏசி காரில் வந்த பையும், மதிய வெயிலில் வண்டியில் தொங்கிய பையும் தொட்டித் தண்ணீரிலிருந்து நாலைந்து டிகிரி விலகியிருக்கும். பையின் வாயைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டால் அந்த வேறுபாடு தீர்ந்துவிடும். அதற்குமேல் மிதக்கவிட்டுப் பயனில்லை. பிளாஸ்டிக் வழியாகச் சூடு போகும், உப்பு போகாது.

சிக்கல் அந்த உப்பில்தான் இருக்கிறது. நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, வெளியே உள்ள தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் செவுள் வழியாக உடம்புக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும். செவுளில் உள்ள செல்கள் உப்பை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளும். எந்தத் தண்ணீரில் இருக்கிறதோ அதற்கேற்ப இந்த வேலையின் வேகத்தை உடம்பு பழக்கி வைத்திருக்கிறது. கடையில் போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுத் தொட்டியிலோ ‘சுத்தமான தண்ணீர்’ என்று ஆசையாக ஊற்றிய ஆர்ஓ தண்ணீர், டிடிஎஸ் 60. குடிக்கும் நமக்கு அது சுத்தம். மீனுக்கு அது ஒரே நாளில் வந்த பெரும் பாரம். மோலி, கப்பி போன்றவை உப்பும் கடினமும் உள்ள தண்ணீருக்குப் பழகியவை என்பதால் அவற்றுக்கு இது இன்னும் கடுமை.

பையைத் திறந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் பழக்குவது நல்ல வழக்கம்தான். ஆனால் அது அதிர்ச்சியைத்தான் குறைக்கும். உடம்பு உண்மையாகப் பழகுவதற்கு மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். இரண்டு தண்ணீருக்கும் வேறுபாடு பெரிதென்றால், ஒரு சின்னத் தொட்டியில் கடைத் தண்ணீருக்கு நெருக்கமான தண்ணீரில் மீனை வைத்து, ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதே சரி. சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. இரண்டு ஜோடி மீனின் விலைதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைத் தண்ணீரை அளந்து பார்க்கத் தயங்காதீர்கள். நியான் டெட்ரா அமேசான் காட்டு ஓடையிலிருந்து வந்த இனமா என்பதைவிட, நேற்றுவரை எந்தத் தண்ணீரில் இருந்தது என்பதே இன்றைக்கு முக்கியம்.

இனி பலருக்கு வியப்பளிக்கும் ஒன்று. மெல்ல மெல்லப் பழக்குவது எல்லா மீனுக்கும் நல்லதல்ல. பார்சலில் ஒரு நாள், ஒன்றரை நாள் பயணம் செய்து வந்த மீனுக்கு அதுவே ஆபத்தாகலாம்.

மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளிவிடுகிறது. மூச்சுவிடும்போது கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. மூடிய பையில் இரண்டும் சேரும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரை அமிலமாக்கி பிஎச்-ஐக் குறைக்கும். பிஎச் குறைவாக இருக்கும்வரை அம்மோனியாவில் பெரும்பகுதி, அவ்வளவாக நஞ்சில்லாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், பிஎச் ஏறும், அடங்கியிருந்தது நஞ்சாக மாறும். 25 டிகிரி சூட்டில், பிஎச் 7 என்றால் நஞ்சான பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பிஎச் 8 என்றால் ஐந்துக்கும் மேல். அந்தத் திறந்த பைக்குள் மீனை ஒரு மணி நேரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது, நஞ்சில் ஊறவைப்பதற்குச் சமம்.

ஆகவே, கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீனை நிதானமாகப் பழக்குங்கள். நெடும்பயணம் வந்த மீன் என்றால், பையைத் திறக்காமல் சூட்டைச் சமன்செய்யுங்கள். திறந்த பிறகு தாமதிக்காமல் வலையில் எடுத்து, முன்பே தயார் செய்த தண்ணீரில் விடுங்கள். எதுவானாலும் பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். அதில் கழிவும் இருக்கும், வெண்புள்ளி நோயின் கிருமியும் இருக்கலாம். முதல் நாள் விளக்கை அணைத்து வையுங்கள், தீனி போட வேண்டாம்.

இவ்வளவையும் சரியாகச் செய்து, மீனை நேற்று வாங்கிய புதுத் தொட்டியில் விட்டால் எல்லாம் வீண். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவை இல்லாத தொட்டி, பெரிய பிளாஸ்டிக் பைதான். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு ஈரம் காயாமல் வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் காத்திருப்பு குறையும். அந்தப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் பாக்டீரியாக்கள் செத்துவிடும். தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீனையும் தொட்டியையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். குழந்தை அடம்பிடிக்கும், கடைக்காரரும் “ஒன்றும் ஆகாது, எடுத்துப் போங்கள்” என்பார். முதல் முறை தொட்டியும் ஃபில்டரும் மட்டும் வாங்குங்கள். மீன் அடுத்த மாதம் வரட்டும்.