நாலு தடவை பந்தைப் பிடிக்க ஒரு ஆளா?

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

சிகாகோ பக்கம் மகள் வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்த பிறகு அமெரிக்கர்களின் ஃபுட்பால் பார்க்கும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். போன வாரம் அதைப் பற்றி நான் போட்ட நாலு வரிக்குக் கீழே, டல்லாஸில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், கிக் ரிட்டர்ன் பண்ண மட்டும் ஒரு ஆளை டீம்ல வச்சிருக்கிறது வேஸ்ட் இல்லையா? ஒரு மேட்ச்சுக்கு நாலஞ்சு தடவைதான் பந்து வரும். இருக்கிற ரிசீவர்ல வேகமா ஓடுற ஒருத்தரை நிக்க வச்சா போதாதா?" பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னை மடக்கிய அதே குரல். பின்னூட்டத்தில் பதில் எழுத ஆரம்பித்தேன். அது வளர்ந்து தனிப் பதிவாகிவிட்டது.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நீளமான முட்டை வடிவப் பந்து. நூறு யார்டு மைதானம். யார்டு என்றால் நம் ஜவுளிக்கடை கெஜம்தான். ஓர் அணி புள்ளி எடுத்ததும் பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கிறது, அது கிக்காஃப். முன்னேற முடியாமல் திணறும்போது தூரமாக உதைத்துத் தள்ளிவிடுகிறது, அது பன்ட். அந்தப் பந்தைப் பின்னால் தனியாக நின்று பிடித்து, திருப்பிக்கொண்டு ஓடுபவர்தான் ரிட்டர்னர். அவர் எங்கே விழுகிறாரோ அங்கிருந்துதான் அவர் அணி தன் தாக்குதலைத் தொடங்கும். விழாமலே எல்லைவரை ஓடிவிட்டால் டச் டவுன், ஆறு புள்ளி.

மாணவர் சொன்னதில் பாதி நியாயம். ஓர் அணியில் 53 பேர். ஆட்ட நாளில் உடை மாட்டி இறங்கக்கூடியவர்கள் அதிகபட்சம் 48. உதைக்க ஒருவர், பன்ட் அடிக்க ஒருவர், அவர்களுக்குப் பந்தைப் பின்னால் எறிய ஒருவர் என்று மூன்று இடம் ஏற்கெனவே போய்விடுகிறது. நாலாவது இடத்தையும் ஒரு வேலை மட்டும் தெரிந்தவருக்குக் கொடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் கை வராது.

அடுத்து நீங்கள் டிராவிட்டைக் கொண்டுவருவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2003 உலகக் கோப்பையில் முழுநேர விக்கெட் கீப்பர் இல்லாமல் டிராவிட்டை நிறுத்தி, ஒரு பேட்ஸ்மேனைக் கூடுதலாகச் சேர்த்து, நாம் இறுதி ஆட்டம் வரை போனோம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீப்பருக்கு ஓர் இன்னிங்ஸில் 300 பந்து. முதல் பத்து ஓவரில் தடுமாறினாலும் கை பழகிவிடும். ரிட்டர்னருக்கு அந்த அவகாசமே இல்லை. அரை மணி நேரம் ஓரத்தில் சும்மா நிற்க வேண்டும், திடீரென்று உள்ளே போக வேண்டும், முதல் பந்தே சரியாக வர வேண்டும். அபூர்வமாக வரும் வேலை என்பதால் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறார் மாணவர். அபூர்வமாக வருவதால்தான் அதற்கென்றே பழகியவர் வேண்டும் என்கிறேன் நான்.

பன்ட் பிடிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்து நாலைந்து விநாடி ஆகாயத்தில் சுற்றுகிறது. இடதுகால்காரர் உதைத்தால் சுழற்சி எதிர்ப்பக்கம் மாறும், விழும் போக்கும் மாறும். காற்று, மழை, விளக்கு வெளிச்சம் எல்லாம் உண்டு. அதே நேரத்தில் எதிரணி ஆட்கள் முழு வேகத்தில் இவரை நோக்கி வருகிறார்கள். பிடித்து ஓடுவதா, கையை உயர்த்தி ஆட்டி "என்னைத் தொடாதே, நானும் ஓடமாட்டேன்" என்று சைகை காட்டிப் பிடிப்பதா, தொடாமலே விலகிப் பந்தைத் தரையில் விட்டுவிடுவதா? மேலே பந்தைப் பார்த்துக்கொண்டே கீழே முடிவெடுக்க வேண்டும். இவர் தொடாதவரை அந்தப் பந்து எதிரணிக்குச் சொந்தமாகாது. நுனிவிரல் பட்டுவிட்டால் யார் எடுத்தாலும் அவர்களுக்குத்தான்.

இதன் விலையைப் பார்க்க 2012 ஜனவரி 22க்குப் போகலாம். சான் பிரான்சிஸ்கோ 49ers அணிக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் ஆட்டம். ஜெயிப்பவர் சூப்பர் பவுலுக்குப் போவார். சான் பிரான்சிஸ்கோவின் ரிட்டர்னர் டெட் கின். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சியாட்டிலுக்கு எதிராக ஒரு கிக்காஃபை 102 யார்டும், சற்று நேரத்தில் ஒரு பன்ட்டை 55 யார்டும் ஓடி இரண்டு டச் டவுன் போட்டவர். இந்த ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முழங்காலில் அடிபட்டு அவர் இறங்க முடியவில்லை. அவர் இடத்தில் நின்றது கைல் வில்லியம்ஸ் என்ற இளம் ரிசீவர். மாணவர் சொல்கிற அதே ஏற்பாடு: இருக்கிற ஆட்களில் வேகமான ஒருவர்.

நான்காம் கால் பகுதியில் சான் பிரான்சிஸ்கோ 14-10 என்று முன்னே இருந்தபோது ஒரு பன்ட் தரையில் குதித்து வந்தது. வில்லியம்ஸ் அதைப் பிடிக்கவில்லை, ஆனால் போதுமான தூரம் விலகவும் இல்லை. பந்து முழங்காலை லேசாக உரசிவிட்டுப் போனது. ஜயன்ட்ஸ் எடுத்தார்கள், டச் டவுன் போட்டார்கள். பிறகு ஆட்டம் 17-17 என்று சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. அங்கே இன்னொரு பன்ட். இந்த முறை பிடித்து ஓடினார், பின்னாலிருந்து தட்டிவிட்டார்கள், பந்து கைநழுவியது. சில நிமிடத்தில் 31 யார்டு ஃபீல்டு கோல், 20-17, பருவம் முடிந்தது. ஜயன்ட்ஸ் போய் சூப்பர் பவுலை ஜெயித்தார்கள். அந்தப் பையனுக்குச் சமூக ஊடகத்தில் கொலை மிரட்டல் வரை வந்தது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மாற்று ஆசிரியராக அறிமுகமில்லாத வகுப்புக்குள் அனுப்பப்பட்டவர்களுக்கு அவர் நிலை புரியும். டெட் கின் அன்றைக்கு இருந்து ஒரு யார்டுகூட ஓடாமல் பந்தை விட்டு விலகி மட்டும் இருந்தாலும் போதும். அந்த "விலகி இருந்ததை" எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவார்கள்?

கணக்கு வாத்தியாரான எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த பகுதியே இதுதான். ரிட்டர்னரின் மதிப்பில் பெரும்பங்கு எண்ணிக்கைக்குள் வராது. டெவின் ஹெஸ்டரைப் பாருங்கள். எங்கள் சிகாகோ பேர்ஸ் அணிக்கு (ஆமாம், இப்போது "எங்கள்" ஆகிவிட்டது, மருமகன் சிரிக்கிறார்) 2006இல் வந்தார். முதல் வருஷமே ஆறு டச் டவுன், எல்லாம் திருப்பி ஓடியே. அக்டோபர் 16 அன்று அரிசோனாவில் பேர்ஸ் பாதி ஆட்டத்தில் 20-0 என்று பின்தங்கியிருந்தது. அன்று தாக்குதல் அணி ஒரு டச் டவுன்கூடப் போடவில்லை. தடுப்பு அணி இரண்டு போட்டது, ஹெஸ்டர் ஒரு பன்ட்டை 83 யார்டு ஓடி மூன்றாவதைப் போட்டார். 24-23, வெற்றி. 2007 பிப்ரவரி 4 சூப்பர் பவுலில் ஆரம்ப உதையையே 92 யார்டு திருப்பி ஓடினார், 14 விநாடியில் டச் டவுன். சூப்பர் பவுலின் ஆரம்ப உதையில் அது அதற்கு முன் நடந்ததே இல்லை. அந்த ஆட்டத்தில் பேர்ஸ் 29-17 என்று தோற்றதையும் மறைக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு இண்டியானாபோலிஸ் அவருக்கு ஒரு கிக்காஃபைக்கூட உதைக்கவில்லை. தரையோடு உருட்டியும் குட்டையாகவும் வேறு ஆட்கள் பக்கம் அனுப்பினார்கள்.

அப்படி அனுப்பும் ஒவ்வொரு உதையிலும் பேர்ஸுக்குச் சில யார்டு சும்மா கிடைக்கிறது. 2007இல் இது பல அணிகளுக்கு வழக்கமே ஆனது. கிக்காஃபை எல்லைக் கோட்டுக்கு வெளியே போகும்படி உதைத்துவிட்டால் தண்டனையாகப் பந்து 40ஆம் யார்டு கோட்டில் வைக்கப்படும். அந்த ஆபத்தைக்கூட ஏற்றுக்கொண்டு அவரை ஒதுக்கப் பார்த்தார்கள். ஹெஸ்டர் பெயருக்கு எதிரே பூஜ்யம்தான் விழும், அணிக்கு லாபம். நவம்பர் 25 அன்று டென்வர் மட்டும் துணிந்து உதைத்தது. ஒரு பன்ட்டை 75 யார்டு, ஒரு கிக்காஃபை 88 யார்டு ஓடி இரண்டு டச் டவுன். பேர்ஸ் கூடுதல் நேரத்தில் 37-34 என்று ஜெயித்தது. அந்த ஆண்டும் ஆறு.

பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். இவ்வளவு வேகமான ஆளை ஆட்டத்துக்கு நாலைந்து தடவை மட்டும் பயன்படுத்துவதா என்று அவரை முக்கிய ரிசீவராக்கினார்கள். கிக்காஃப் ஓடும் வேலையையும் பெரும்பாலும் வேறொருவருக்குக் கொடுத்தார்கள். 2008, 2009 இரண்டு ஆண்டும் திருப்பி ஓடிய டச் டவுன் ஒன்றுகூட இல்லை. காரணம் இது ஒன்றுதான் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் சுமாரான ரிசீவர் ஒருவர் கிடைப்பதற்காக, உலகத்திலேயே ஒருவர்தான் செய்யக்கூடிய வேலையை மங்கவிட்டது என் பார்வையில் மோசமான பேரம். 2010இல் மூன்று, 2011இல் மூன்று என்று அவர் மீண்டும் எழுந்தார். மொத்தம் 20. இன்றும் அதுவே சாதனை.

என் வாதத்துக்கு எதிரான பலமான விஷயம் மாணவர் சொன்னதல்ல, வேறொன்று. இந்த ஓட்டம் உடம்புக்கு ஆபத்து. இரண்டு பக்கமும் நீண்ட தூரம் ஓடிவந்து முட்டிக்கொள்வார்கள். 2007 செப்டம்பரில் பஃபலோ வீரர் கெவின் எவரெட் ஒரு கிக்காஃபில் எதிராளியை மடக்கப் போய்த் தண்டுவடத்தில் அடிபட்டு விழுந்தார். மீண்டும் நடந்தார் என்பது பெரிய விஷயம். 2011இல் உதைக்கும் இடத்தை 30இலிருந்து 35ஆம் யார்டுக்கு முன்னே தள்ளினார்கள். பந்து எல்லை தாண்டிப் போய், ஓட்டமே இல்லாமல் முடியும் உதைகள் இரண்டு மடங்குக்கு மேல் கூடின. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஒரு கிக்காஃப்கூடத் திருப்பி ஓடப்படவில்லை. அந்த நிலையே தொடர்ந்திருந்தால் நான் தோற்றேன் என்று எழுதியிருப்பேன். ஆனால் அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். இரு அணியும் கிட்டத்தட்ட எதிரெதிரே நின்றபடி தொடங்குகின்றன, பந்து பிடிக்கப்படும்வரை அசையக் கூடாது. நீண்ட ஓட்டத்தின் மோதல் குறைந்தது. 2025இல், நேராக எல்லைக்குள் உதைத்துத் தள்ளினால் எதிரணி 35ஆம் யார்டிலிருந்து தொடங்கலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு இலவசமாகக் கொடுக்க மனசு வராமல் எல்லோரும் உள்ளேயே உதைக்கிறார்கள். ரிட்டர்னருக்கு வேலை திரும்பிவிட்டது.

மரியாதைதான் எப்போதும் தாமதமாக வருகிறது. புகழ்மன்றத்தில் உதைப்பவர் என்ற தகுதியில் மட்டும் யான் ஸ்டெனெருட் நுழைந்தது 1991இல். பன்ட் அடிப்பவராக ரே கை நுழைந்தது 2014இல், ஓய்வுபெற்று 28 ஆண்டு கழித்து. ரிட்டர்னர் என்பதற்காக முதல் ஆளாக ஹெஸ்டர் நுழைந்தது 2024இல், அதுவும் மூன்றாவது முயற்சியில்.

கடைசியாக, டல்லாஸ் தம்பி, உங்கள் ஊர் அணியையே பாருங்கள். கவான்டே டர்பின், உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், எடை எழுபது கிலோவுக்குள். நூறு கிலோ ஆட்கள் நடுவில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்பார். 2024 நவம்பர் 24 அன்று வாஷிங்டனுக்கு எதிராக நான்காம் கால் பகுதியில் 99 யார்டு திருப்பி ஓடினாரே, நீங்கள் அந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த மார்ச்சில் உங்கள் அணி அவரை மூன்று ஆண்டுக்கு மறுபடியும் ஒப்பந்தம் செய்தது. இடம் வீண் என்று அவர்களுக்கும் ஒரு பின்னூட்டம் போட்டுவிட்டு, பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள்.