விற்கட்டும் – வேலியிடாதிருக்கட்டும்!

"இலவசமாகத் தந்தார்கள், எடுத்தோம். இலாபம் வந்தது, பெற்றோம். இதிலே குற்றம் எங்கே?" – கேட்கின்றனர் கணினித் தொழிற் சீமான்கள்.

"இலவசமாகத் தந்ததை விற்றுக் காசாக்குவதா? அடாது! வணிகனுக்கு இங்கே இடமில்லை என்று உரிமத்திலேயே எழுதிவையுங்கள்!" – துடிக்கின்றனர் நம் நண்பர் சிலர்.

முன்னவர் பேசுவது தன்னலம். பின்னவர் பேசுவது தூய உள்ளம். ஆயினும் இருசாராரும் தடுக்கி விழுவது ஒரே சொல்லில்தான். அந்தச் சொல் – இலவசம்!

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். அந்த வறுமை தமிழுக்கு இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருள் என்பதன் இலக்கணம் நான்கே உரிமைகள்: எந்தப் பயனுக்கும் இயக்கலாம், மூல நிரலைப் படித்தறிந்து தேவைக்கேற்பத் திருத்தலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், திருத்தியதையும் வழங்கலாம். காசு வாங்காதே என்ற கட்டளை இந்த நான்கில் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை!

இருக்காது என்பதற்கு வரலாறு சான்று. 1983-ல் 'க்னூ' திட்டத்தை அறிவித்த ரிச்சர்டு ஸ்டால்மன், தாம் எழுதிய ஈமாக்ஸ் மென்பொருளைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வாங்கியவர் அதைப் படிக்கலாம், திருத்தலாம், மறுநாளே மற்றவர்க்குப் படியெடுத்தும் தரலாம். விலை இருந்தது, விலங்கு இல்லை! 1989-ல் வெளிவந்த க்னூ பொது உரிமம் அந்த நெறியைச் சட்டமொழியில் வடித்தது. விற்கலாம், ஆனால் நீ பெற்ற உரிமை அத்தனையும், மூல நிரலுடன், உன்னிடம் பெறுபவனுக்கும் சேரவேண்டும்.

வணிகத்தை விலக்கிப் பார்த்ததும் உண்டு. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 1991-ல் லினக்ஸை வெளியிட்டபோது, அதை வழங்குவோர் பணம் பெறலாகாது என்றுதான் விதித்தார். விளைவு? வட்டில் படியெடுத்துத் தருபவர் கூடச் செலவுக்குக் காசு கேட்க இயலவில்லை. 1992-ல் அவரே அத்தடையை நீக்கிக் க்னூ பொது உரிமத்துக்கு மாறினார். அதன்பின் லினக்ஸைச் சுற்றித் தொழில் வளர்ந்தது. ரெட் ஹாட் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 2012-ல் நூறு கோடி டாலரைத் தாண்டியது. 2019-ல் 3,400 கோடி டாலருக்கு அதை ஐ.பி.எம். வாங்கியது. இன்று லினக்ஸின் கருவுக்கு நிரல் எழுதுவோரில் பெரும்பாலோர் நிறுவனங்களிடம் ஊதியம் பெறுவோர். வணிகன் வந்ததால் லினக்ஸ் அழிந்ததா? வளர்ந்தது!

ஏன் வளர்ந்தது? வணிகன் நல்லவன் என்பதாலா? இல்லை தோழர்களே, உரிமம் வலியது என்பதால்! 2003-ல் நடந்ததைப் பாருங்கள். வீட்டில் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் லிங்க்சிஸ் ரவுட்டரின் உள்ளே லினக்ஸ் இருந்தது. பெட்டி விலைக்கு வந்தது, மூல நிரல் வரவில்லை. நிரலாளர்கள் கண்டுபிடித்தனர், கேட்டனர், விடாமல் வற்புறுத்தினர். நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து முளைத்ததே ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. – எத்தனையோ நிறுவனங்களின் ரவுட்டர்களுக்கு இன்று உயிரூட்டும் பொதுச்சொத்து. விற்பனையைத் தடுத்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

"உரிமமாவது, வெற்றுக் காகிதம்!" என்று சிரித்தோரும் உண்டு. 2004-ல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், அந்தக் காகிதம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சிரிப்பு அடங்கிற்று.

அப்படியானால் சீமான்களிடம் குற்றமே இல்லையா? உண்டு. நிரலைத் திருப்பித் தரவேண்டும் என்பதை உரிமம் விதிக்கலாம். நிரலைக் காப்பவனுக்குச் சோறு போடவேண்டும் என்று அது விதிப்பதில்லை. அந்த இடைவெளியிலே ஒளிந்துகொண்டது உலகத்துப் பெருஞ்செல்வம்! வங்கிக்கும் அங்காடிக்கும் மடலுக்கும் பூட்டாக இருந்த மென்பொருள் ஓப்பன் எஸ்.எஸ்.எல். அதற்கு வந்த நன்கொடை ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரமும் அதற்கென உழைத்தவர் ஒரே ஒருவர். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் ஓட்டை வெளிப்பட்டது, உலகம் பதறியது. அதற்குப் பிறகே கூகிள், மைக்ரோசாஃப்ட், ஃபேஸ்புக் முதலானவை கூடி நிதி திரட்டின. கூரை பற்றி எரிந்த பிறகா கிணறு வெட்டுவது?

இன்னொரு சூழ்ச்சியும் நடக்கிறது. மென்பொருளைப் பிறர்க்கு வழங்கும்போதுதான் க்னூ பொது உரிமத்தின் கடமை பிறக்கும். தன் கணினியிலேயே இயக்கி, இணையவழி சேவையை மட்டும் விற்றால்? கடமை இல்லை! இந்த ஓட்டையை அடைக்க 2007-லேயே ஏ.ஜி.பி.எல். உரிமம் வந்தது: திருத்திய மென்பொருளை இணையவழி பயன்படுத்துவோர்க்கும் மூல நிரலைத் தரவேண்டும் என்றது. அதை ஏற்றிருக்கலாம். ஆனால் சில நிறுவனங்கள் செய்தது என்ன? மேகக் கணினிப் பெருநிறுவனங்கள் சுரண்டுகின்றன என்று முழங்கி, தாமே வேலியிட்டன! 2021-ல் எலாஸ்டிக், 2023-ல் ஹாஷிகார்ப், 2024-ல் ரெடிஸ். ஊரார் கைகொடுத்து எழுதிய நிரலுக்கு ஒரே ஒருவர் காவல். அவரோடு போட்டியிடுவோர்க்கு மட்டும் தடை. பெரியவன் தின்கிறான் என்று புலம்பிப் பொதுப் பந்தியின் கதவைச் சாத்துவது எந்த நியாயம்?

பலித்ததா? இல்லை. கட்டற்ற பழைய நிரலை எடுத்துக்கொண்டு நிரலாளர்கள் வெளியேறினர். ஓப்பன் டோஃபு பிறந்தது, வால்கீ பிறந்தது. 2024-ல் எலாஸ்டிக்கும் 2025-ல் ரெடிசும் ஏ.ஜி.பி.எல். உரிமத்தையும் ஏற்றன. அடைத்த கதவைத் திறக்கவைத்தது, எவர் வேண்டுமானாலும் கிளைபிரித்துக்கொண்டு போகலாம் என்ற உரிமைதான்!

வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னரே ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் ஒன்றென்று அவர் கருதவில்லை. கட்டற்ற மென்பொருள் இரப்போர்க்கு இட்ட ஈகை என்று எண்ணுவதால்தான், எடுத்தவன் கடனை மறக்கிறான். கொடுத்தவன் கதவைச் சாத்த நினைக்கிறான். அது ஒப்புரவு – ஊரோடு ஒத்து வாழ்பவன் செய்யவேண்டிய கடன்.

இன்று நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் நாளை நிரல் எழுதுவர். "உன் உரிமை முழுவதையும் எமக்கு எழுதிக்கொடு, பிறகு உன் நிரலை ஏற்போம்" என்ற தாள் அவர்கள்முன் நீட்டப்படும். படிக்காமல் ஒப்பமிடாதே என்று அவர்களுக்குச் சொல்லிவைப்போம். பொதுவில் வைக்கும் நிரலுக்கு, திருப்பித் தரும் கடமையுள்ள உரிமத்தையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். பொது நிரலால் பொருளீட்டும் நிறுவனத்தில் பணியாற்றும் தோழர்களே, அதைக் காப்போர்க்கு உங்கள் நிறுவனம் என்ன தருகிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்!

விற்கட்டும், நாம் தடுக்கவில்லை. வேலியை மட்டும் பிடுங்கி எறிவோம்!