அலிபிரியிலும் ஊதச் சொல்லுங்கள்

ஹைதராபாத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ திருப்பதியின் ரேணிகுண்டா விமான நிலையத்தில் வந்து இறங்கும் பயணிகள் விமானத்தின் விமானிகள், அன்றைய பணியின் முதல் பயணத்துக்கு முன்பே மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிக் காட்டியிருப்பார்கள். விமானத்துக்குள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பணியாளர்களும் அப்படித்தான். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மதுவைத் தொடக் கூடாது. கருவியில் துளி ஆல்கஹால்கூடத் தெரியக் கூடாது. தெரிந்தால் உடனே தண்டித்துவிடுவதும் இல்லை. 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வைத்து, கருவி 0.000 காட்டுகிறதா என்று உறுதி செய்துகொண்டு, சாட்சியின் முன்னிலையில் மறுபடி ஊதச் சொல்கிறார்கள். எல்லாம் கேமராவில் பதிவாகிறது. இரண்டாவது முறையும் தெரிந்தால் உரிமம் 3 மாதம் முடங்கும். அதே ஆள் மறுபடி சிக்கினால் 3 ஆண்டு. மூன்றாம் முறை உரிமமே போய்விடும். ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தைக்கூட விமானிகள் பயன்படுத்தக் கூடாது என்று 2023-ல் விதியை மேலும் இறுக்கியது விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

இந்த விதியின் பலம் தண்டனையின் கடுமையில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய பலம், யாரையும் சந்தேகப்பட வேண்டிய அவசியமே இதில் இல்லை என்பது. 2018 நவம்பரில் டெல்லியிலிருந்து லண்டனுக்கு விமானம் ஓட்டவிருந்த ஏர் இந்தியாவின் செயல்பாட்டு இயக்குநரே சோதனையில் சிக்கினார். அது இரண்டாவது மீறல் என்பதால் அவருடைய உரிமம் 3 ஆண்டு முடக்கப்பட்டது. அத்தனை உயர்ந்த பதவியில் இருப்பவரைப் பார்த்து ‘குடித்திருக்கிறீர்களா’ என்று கேட்கும் துணிச்சல் எந்த ஊழியருக்கு வரும்? கருவிக்குப் பதவி தெரியாது. அதற்குச் சில நாட்கள் முன்பு லண்டன் ஹீத்ரோவில் ஜப்பான் ஏர்லைன்ஸின் துணை விமானி ஒருவர் கைதானார். அவர் ரத்தத்தில் அங்குள்ள வரம்பைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் ஆல்கஹால் இருந்தது. விமானப் பணியாளர்களை ஏற்றிச் சென்ற வண்டியின் ஓட்டுநர் வாடையை உணர்ந்து போலீஸுக்குச் சொல்லியிருக்காவிட்டால் அந்த விமானம் அவரோடுதான் கிளம்பியிருக்கும். இத்தனை உயிர்கள் ஒருவருடைய மூக்கை நம்பி இருக்க வேண்டியதில்லை.

இந்திய விதி 2019-ல் இன்னும் ஒரு படி போனது. விமானக் கட்டுப்பாட்டு அதிகாரிகள், பழுது பார்ப்பவர்கள் தொடங்கி விமான நிலையத்துக்குள் வண்டி ஓட்டுபவர்கள் வரை, தினமும் குறைந்தது 10 சதவீதம் பேரையாவது சோதிக்க வேண்டும் என்றது. அதாவது, ரேணிகுண்டாவில் பெட்டிகளை இழுத்துச் செல்லும் வண்டியின் ஓட்டுநர் எந்த நாளும் ஊத வேண்டியிருக்கலாம். அந்தப் பெட்டிகளோடு வாசலுக்கு வரும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருமலை மலைப்பாதையில் போகப்போகிற வாடகைக் கார் ஓட்டுநருக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. சமதளத்தில் மெல்ல ஊர்ந்து போகும் வண்டிக்கு ஒரு நியாயம், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக வளைந்து வளைந்து ஏறும் வண்டிக்கு வேறொரு நியாயமா?

குடிபோதை இந்தச் சாலைகளில் என்ன செய்யும் என்பதைத் திருப்பதிக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில், ஏர்ப்பேடு காவல் நிலையத்தின் முன்னால், மணல் கொள்ளையை எதிர்த்துத் திரண்டிருந்த விவசாயிகள்மீது லாரி ஒன்று பாய்ந்தது. மின்கம்பமும் சரிந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார் என்று அப்போதே சொல்லப்பட்டது. ஆனால் அது விபத்துக்குப் பிறகு தெரிந்த செய்தி. மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்திருந்தும், நியாயமான சந்தேகம் இருந்தால்தான் போலீஸார் ஊதச் சொல்ல முடியும். சந்தேகம் வரும் நேரத்தில் பெரும்பாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

வானத்தையும் சாலையையும் ஒப்பிடக் கூடாது, லட்சக்கணக்கான ஓட்டுநர்களை எப்படிச் சோதிப்பது என்று கேட்பார்கள். ஊரெங்கும் செய்ய முடியாதுதான். ஆனால் திருமலை அடிவாரத்தில் உள்ள அலிபிரி ஒற்றை வாசல். மலைக்குப் போகும் வண்டிகள் அங்கே நின்றே ஆக வேண்டும். மது, புகையிலை, இறைச்சி இருக்கிறதா என்று பைகளையும் இருக்கைக்கு அடியிலும் துழாவிப் பார்க்கிறார்கள். பையில் இருக்கும் பாட்டிலைத் தேடும் நேரத்தில், ஓட்டுநரின் வயிற்றுக்குள் போயிருப்பதையும் பார்த்துவிடலாம். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிகளோடு தொடங்கினால் போதும். சந்தேகம் இல்லாமல் சோதிக்கச் சட்டம் இடம் தராது என்றால், வாடகை வண்டிக்கான அனுமதிச் சீட்டில் அதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். மலைப்பாதையைக் குறித்த நேரத்துக்கு முன்பே கடந்து வரும் வண்டிக்கு அபராதம் போடும் வழக்கம் ஏற்கெனவே அங்கே உண்டு. மலைக்கென்று தனி விதி புதிதல்ல.

கருவி பொய் சொன்னால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடுமே என்ற அச்சம்தான் கனமான ஆட்சேபம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. 2025-ல் கேரளத்தின் பந்தளம் பணிமனையில், பழுத்த பலாச்சுளை தின்றுவிட்டு வந்த அரசுப் பேருந்து ஊழியர்களைக் கருவி குடித்தவர்களாகக் காட்டியது. குடிக்காத ஒருவரைச் சுளை தின்ன வைத்து மறுபடி ஊதச் சொன்னபோதுதான் உண்மை விளங்கியது. வாயில் தங்கும் ஆல்கஹால் சிறிது நேரத்தில் கலைந்துவிடும், ரத்தத்தில் கலந்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. விமானிகளுக்குக் கால் மணி நேர இடைவெளி கொடுப்பது இதனால்தான். அந்த இடைவெளியும், கேட்டால் ரத்தப் பரிசோதனையும் கார் ஓட்டுநருக்கும் உரிமையாகவே கிடைக்க வேண்டும். சோதனையை மட்டும் எடுத்துக்கொண்டு பாதுகாப்பை விட்டுவிட்டால், நாளை அது இன்னொரு மாமூல் வசூலாகிவிடும்.

கஞ்சா, தூக்க மாத்திரை போன்றவை ஊதினால் தெரியாது. அவற்றுக்காக 2022 ஜனவரி முதல் விமானிகளில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சோதிக்கிறார்கள். முதல் முறை சிக்கியவரைச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். இதை அலிபிரி வாசலில் செய்யச் சொல்வது நடக்காத காரியம். சிறுநீரில் கஞ்சா பல நாள் தங்குவதால், இன்று போதையில் இருக்கிறாரா என்பதைச் சிறுநீர்ச் சோதனை சொல்லாது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு விடியற்காலையில் வந்து சேரும் ஓட்டுநரின் தூக்கத்தையும் எந்தக் கருவியும் காட்டாது. அதற்கு ஓய்வு நேர விதி தனியே வேண்டும். மதுவுக்குக் கருவி இருக்கிறது, வாசல் இருக்கிறது, நிற்கும் வண்டி இருக்கிறது. இரண்டாம் முறையும் கருவி காட்டினால், அந்த ஓட்டுநர் அன்றைக்கு மலை ஏறக் கூடாது. அவரை நம்பி வந்தவர்களை அரசுப் பேருந்தில் ஏற்றி அனுப்பும் செலவை வண்டியின் உரிமையாளர் தர வேண்டும். அனுமதிச் சீட்டை முடக்குவது அடுத்த தடவைக்கு.