ஸ்டார்ட்அப் சமூகத்தில் ஆர் ஆர் சேர்த்தி?



போன மாதம் அண்ணரின் மகன் போன் எடுத்தான். அவனும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து ஒரு ஸ்டார்ட்அப் தொடங்குகினம். அதோடு நிற்கவில்லை. லண்டனில் தொழில் தொடங்குகிற தமிழ்ப் பெடியள் பெட்டையள் எல்லாரையும் ஒன்றாக்கப் போகினமாம். ஐந்து வருசத்தில் நூறு கொம்பனி, அதில் ஒன்றாவது நூறு கோடி டொலர் பெறுமதிக்கு வரவேணும். “சித்தப்பா, முந்தி ஓல்ட் ஸ்ட்ரீட் ஆக்களைப் பற்றி எழுதினனீங்கள்தானே. எங்களைப் பற்றியும் எழுதுங்கோவன்.”

எழுதினனான்தான், மறுக்க ஏலாது. 2011 இலிருந்து நாலு வருசம் ஷோரடிச்சில் நிரலாளராக வேலை செய்துகொண்டு, மாதம் ஒரு கட்டுரை என்று கிழக்கு லண்டன் ஸ்டார்ட்அப்புகளைப் புகழ்ந்து தள்ளினேன். ஓல்ட் ஸ்ட்ரீட் சுற்றுவட்டத்துக்கு ‘சிலிக்கன் ரவுண்டபவுட்’ என்ற பெயர், 2008 இல் ஒரு நிரலாளர் ட்விட்டரில் பகிடிக்குப் போட்டது. 2010 நவம்பரில் பிரதமர் டேவிட் கமரன் அந்தப் பகிடியை ‘டெக் சிற்றி’ என்ற அரசாங்கத் திட்டமாக்கினார். அடுத்த மாதமே பல்கலைக்கழகக் கட்டணத்தை 9,000 பவுண் வரைக்கும் உயர்த்த அவருடைய அரசாங்கம் பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து வென்றது. மாணவர்கள் வெஸ்ட்மின்ஸ்டரில் பொலிசாரின் குதிரைகளுக்கு முன்னால் நின்றார்கள். இரண்டும் ஒரே அரசாங்கம்தான், ஆனால் இரண்டையும் சேர்த்து யோசிக்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என் கட்டுரைகளை இப்போது எடுத்துப் பார்த்தால் வெட்கமாகக் கிடக்கு. எந்தக் கொம்பனிக்கு எவ்வளவு முதலீடு வந்தது, தொடங்கினவர் எத்தனை மணிக்கு எழும்புகிறார் எல்லாம் இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் இரவுக் காவலுக்கு நின்றவர் ஒரு வடமராட்சிக்காரர். ஒவ்வொரு இரவும் “என்ன தம்பி, இன்னும் போகேல்லையோ” என்று கேட்பார். அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. ‘ஸ்டார்ட்அப் சமூகம்’ என்று நூறு தரம் எழுதியிருப்பேன், அதற்குள் அவரைச் சேர்த்ததே இல்லை.

என்னையும் நான் சேர்க்கவில்லை என்பது பிறகுதான் விளங்கினது. சம்பளத்தைக் குறைத்து, பின்னாளில் மலிவு விலையில் பங்கு வாங்கும் உரிமையைத் தந்தார்கள். “நாங்கள் எல்லாரும் சொந்தக்காரர்” என்ற பேச்சை நான் நம்பினேன். நம்பினதோடு விடாமல், என்னிலும் எட்டு வயது குறைந்த ஒரு பெடியனை வங்கி வேலையை விட்டுவிட்டு வரச் சொல்லிக் கூட்டி வந்தேன். கொம்பனி கடைசியில் விலைப்பட்டது. ஆனால் விற்கும்போது முதலீட்டாளரின் முன்னுரிமைப் பங்குகளுக்குத்தான் முதலில் காசு போகும், போட்ட பணத்தை அவர்கள் எடுத்து முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு. மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பெடியனுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். என்னோடு சண்டை பிடிக்கவில்லை, ஆனால் இன்றைக்கும் கண்டால் தலையாட்டிப்போட்டுப் போய்விடுவான்.

இது எனக்கு நடந்த சின்னக் கதை. பெரிய கதை எல்லாருக்கும் தெரியும்.

டெலிவரு 2013 இல் லண்டனில் தொடங்கினது. ‘எங்கள் ஊர் வெற்றி’ என்று எல்லாரும் கொண்டாடின கொம்பனி. 2016 ஓகஸ்டில் மணிக்கு 7 பவுணும் ஒவ்வொரு விநியோகத்துக்கும் 1 பவுணும் என்றிருந்த கூலியை, விநியோகத்துக்கு 3.75 பவுண் மட்டும் என்று மாற்றப் பார்த்தார்கள். ஓட்டுநர்கள் வேலையை நிறுத்தித் தலைமையகத்துக்கு முன்னால் நின்றார்கள். மாற்றத்தை எல்லார் மேலும் திணிக்க முடியாமல் நிர்வாகம் பின்வாங்கியது. கூட்டுப் பேரத்துக்காக ஐ.டபிள்யு.ஜி.பி. தொழிற்சங்கம் நடத்திய வழக்கோ 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. ஓட்டுநர் தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆகவே இது தொழிலாளர் உறவே அல்ல என்பது தீர்ப்பின் முக்கியமான காரணம்.

அந்த ஒரு வரியின் மற்றப் பக்கத்தை ஈஸ்ட்ஹாமில் போய்ப் பாருங்கள். வேலை செய்ய அனுமதி இல்லாத பெடியள் இன்னொருவரின் கணக்கை வாரத்துக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து ஓடுகிறார்கள். மழையில் விழுந்து கால் முறிந்தாலும் அவர்கள் பெயர் எங்கும் இல்லை. 2025 இல் கொம்பனி அமெரிக்காவின் டோர்டாஷுக்கு ஏறத்தாழ 290 கோடி பவுணுக்குக் கைமாறியது. ‘எங்கள் ஊர்’ கொம்பனி அதோடு எங்கள் ஊரதும் இல்லை.

ஸ்டார்ட்அப் என்றாலே முதலாளித்துவம், தூக்கி எறி என்று சொல்லுகிற தோழர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. பெறாமகன் 140 இடத்துக்கு வேலைக்கு எழுதிப் போட்டுக் களைத்த பிறகுதான் இதற்குள் இறங்கினவன். ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்க்க வேணும் என்ற ஆசையைப் பிழை என்று சொல்ல நான் ஆர்?

அதோடு, நாங்கள் இந்த ஊரில் தொழில் தொடங்கினதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அது சீட்டு. இருபது பேர், மாதம் 500 பவுண். அவசரப்படுகிறவர் கழிவோடு 8,000 க்கு எடுப்பார், கழிவு 2,000 மற்றவர்களுக்குள் பிரியும். டூட்டிங்கிலும் ஹரோவிலும் எத்தனை கடைகள் அப்படித் திறந்தன! காசு போட்டவருக்குக் கடைக்காரரின் வீடு தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும். பத்து மடங்காகத் திருப்பித் தா, இல்லாவிட்டால் விற்றுப்போடு என்று ஒருவரும் நெருக்கவில்லை. ஆனால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினவர்களும் உண்டு. அந்தக் கடைகளில் இரவு நின்ற மாணவர்களுக்கு மணிக்கு என்ன கையில் குடுத்தவை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால்தான் காசு ஆரிடமிருந்து வருகுது என்று மட்டும் கேட்டால் காணாது, வேலை செய்கிறவருக்கு என்ன போகுது என்றும் கேட்க வேண்டியிருக்கு.

பிரித்தானியாவிலேயே வேறு வழியில் நிற்கிறவர்களும் உண்டு. தொழிலாளரே சொந்தக்காரராக இருக்கும் தொழில்நுட்பக் கூட்டுறவுகள் 2016 இல் சேர்ந்து கோடெக் என்ற வலையமைப்பை உருவாக்கின. சின்ன இடங்கள்தான், நூறு கோடி ஒருக்காலும் வராது. மாதம் முடிய ஒழுங்காகச் சம்பளம் வருகுது. பெறாமகனுக்கு இதைச் சொன்னபோது, “அதில ஆர் சித்தப்பா காசு போடுவினம்?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். என்னிடம் முழுப் பதில் இல்லை.

எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் நூறு கொம்பனி இலக்குக்காக அல்ல. முதலில் மூன்று கேள்வி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். விற்கும் நாளில் வேலை செய்கிறவருக்கு எத்தனையாவது வரிசையில் காசு வரும்? உங்கள் வலைப்பின்னல் கூட்டத்துக்குத் தொழிற்சங்க ஆள் ஒருவரைக் கூப்பிடுவீர்களா? கந்தோரைத் துப்பரவாக்குகிற ஆளுக்கு லண்டன் வாழ்வூதியம் குடுப்பீர்களா?

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அன்றைக்கே “ஓம்” என்று எழுதினான். முதலாவதுக்கு, சட்டத்தரணியிடம் கேட்டுச் சொல்லுறன் என்றான். பத்து நாள் ஆகுது.